கருவண்டின் ரீங்காரம்

குழந்தைகளுக்குத் தேனீ இனத்தை அறிமுகப்படுத்தக் கருவண்டைவிடப் பொருத்தமான பூச்சி கிடையாது. பெயர்தான் வண்டு; பிறப்பால் அது தேனீ. காலையில் கத்தரிச்செடி அருகே நிறுத்திக் காதைத் தீட்டச் சொல்லுங்கள். பறந்து வரும்போது அடித்தொண்டை முரல்வு; பூவைப் பற்றியதும் ஒரு கணம் அமைதி; பிறகு சட்டென்று சுருதி ஏறிய 'ங்ஙீ'. கத்தரியின் மகரந்தம் மஞ்சள் குழல்களுக்குள் அடைந்துகிடக்கிறது, நுனியில் ஊசித்துளை மட்டும். வண்டு குழலைக் கட்டிக்கொண்டு, சிறகை விரிக்காமலே பறக்கும் தசையை அதிரவிடுகிறது. உப்பு டப்பாவைக் குலுக்கியதுபோல் பொடி வயிற்றில் உதிர்கிறது. தேன்கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை வராது.

கொட்டிவிடுமே என்பார்கள். ஆணுக்குக் கொடுக்கே இல்லை. பெண்ணும் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டுவது அரிது. உத்தரத்தைத் துளைக்கிறதே என்ற புகாரில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தத் துளையைப் பாருங்கள்: காம்பஸ் வைத்துக் கீறிய வட்டம், கீழே சலித்தெடுத்ததுபோல் மரத்தூள். கரையானைப்போல் அது மரத்தைத் தின்பதில்லை. உள்ளே முட்டைக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு மகரந்த உருண்டை, நடுவே மரத்தூள் தடுப்பு. காய்ந்த மூங்கில் கழி ஒன்றைத் தோட்டத்து நிழலில் கட்டிவையுங்கள், உத்தரம் தப்பலாம்.