பெரியபுராணத்தில் ‘நம்மவர்’ எனும் எல்லை

சமயம் மனிதனைத் தன் கூட்டத்தாரோடு அடைத்துவிடுகின்றதா, பிற உயிர்பால் இரங்கச் செய்கின்றதா என்னும் வினாவிற்கு விடை தேட, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணமே போதிய களம் என்பது எம் கருத்து.

மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை முதற்கண் நோக்குவோம். போரில் தோற்ற முத்தநாதன், நீறு பூசி அடியார் கோலத்தில் வந்து, நூற்கட்டில் மறைத்த படையால் மன்னரைக் குத்துகின்றான். வாளெடுத்த தத்தனைத் தடுத்து, இவர் நம்மவர் என்கின்றார் மன்னர். அவனை ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடவும் பணிக்கின்றார். கொலைஞனையும் காத்த அருள் இது. ஆயின், அது காத்தது மனிதனையா, அவன் புனைந்த கோலத்தையா? கோலத்தையே என்பதில் சேக்கிழாருக்கு ஐயமில்லை.

மதுரையில் காண்பது இவ்வெல்லைக்கு அப்பாலுள்ள நிலை. சம்பந்தரிடம் வாதில் தோற்ற சமணர் 8000 பேர் கழுவேற்றப்படுகின்றனர். நம்பியாண்டார் நம்பி குறிப்பிடும் இச்செய்தி, சமணரைப் பலபடச் சாடும் சம்பந்தர் தேவாரத்தில் இல்லை. நீலகண்ட சாஸ்திரியாரும் இதனை வரலாறாக ஏற்கவில்லை. எனினும், வரலாறன்று என்பதனால் வினா நீங்கிவிடாது. இதனைக் கதையாகவேனும் விரும்பிக் கேட்டோர் இருந்தனரே!

சேக்கிழாரின் தயக்கம் இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. தோற்றால் கழுவேறுவோம் எனச் சமணர் வாயாலேயே சொல்லவைக்கின்றார். மடத்திற்குத் தீயிட்ட குற்றத்தை நினைவூட்டுகின்றார். சம்பந்தருக்குப் பகைமை இல்லை என்கின்றார். ஆயினும் வேந்தன் செயலை அவர் விலக்கவில்லை என்றும் மறைக்காது உரைக்கின்றார். உறுத்தலில்லாத கவிஞருக்கு இத்தனைக் காரணங்கள் தேவைப்பட்டிரா. சமணரின் சூளுரையை மட்டும் எடுத்துக்காட்டி அமைதி காண்போர் இவ்வுறுத்தலைத் தவறவிடுகின்றனர். ‘மெய்ப்பொருளார் தடுத்தாரே, இவர் ஏன் தடுக்கவில்லை?’ என எம் வகுப்பில் மாணவர் வினவியதுண்டு. சமணர் நம்மவர் அல்லர் என்பதற்கு மேலான விடையை யாம் நூலுள் காணவில்லை.

ஆயினும், அதே நூலில் திங்களூர் அப்பூதியடிகளும் இருக்கின்றார். தாம் கண்டிராத நாவுக்கரசர் பெயரால் அவர் அமைத்த தண்ணீர்ப் பந்தலில், வழிப்போக்கரின் நெற்றியைப் பார்த்து நீர் வார்த்ததாகச் சேக்கிழார் கூறவில்லை. பந்தலில் எழுதப்பட்ட பெயருக்குரியவர், முன்னர்ச் சமணராய்த் தருமசேனர் என வழங்கப்பட்டவர் என்பதையும் பாடம் நடத்துவோர் சேர்த்தே சொல்லலாம்.