கொல்லிக் குன்றமும் திருவருகைக்கால வாழ்த்தும்

வாழ்த்து என்பது பெற்றதற்கு ஈடாகச் சொல்லப்படுவதா, பெறுமுன்னரே சொல்லத் தகுவதா என்னும் வினா தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. பாடாண்திணைத் துறைகள் பலவும் இவ்வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. பரிசில் வேண்டி நிற்றல் பரிசில் கடாநிலை. பெற்று மீளுங்கால் புகழ்தல் பரிசில் விடை. கிறித்துப் பிறப்பு விழாவுக்கு முற்பட்ட நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலத்து வாழ்த்தும், விழாநாள் வாழ்த்தும் இத்துறைகளோடு எவ்வாறு இயைகின்றன, எவ்விடத்து வேறுபடுகின்றன என்பதை ஈண்டு ஆராய்வாம். இவ்வாராய்ச்சிக்குக் கொல்லிமலையே தக்க களன். இருவகை வாழ்த்தையும் கேட்ட மலை அஃது.

புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் வல்வில் ஓரியைப் பாடுகின்றார். காட்டிடைக் கண்ட வேட்டுவன் இன்னான் என அறியாமலே பாணர் கூட்டம் இசை எழுப்புகின்றது. தன்னைக் கோவெனச் சொல்லக் கேட்ட ஓரி நாணுகின்றான். அவர் வேண்டுவதைச் சொல்லி முடிக்கவும் விடாது ஊனும் கள்ளும் பொன்னும் மணியும் வழங்குகின்றான். புகழுக்கு நாணும் வள்ளலும், முந்துறும் கொடையும் இப்பாட்டின் உயிர். எனினும் கொடுப்போன் மிக்கோன், கொள்வோன் எளியோன் என்னும் முறை ஈண்டும் பிறழவில்லை. அவ்வோரியைக் காரி கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியை அகநானூறு (209) கூறும். புரவலன் மாயின் பரிசில் விடைக்கும் இடமில்லை, எஞ்சுவது கையறுநிலையே.

கிறித்துப் பிறப்பு வரலாறு இம்முறையைத் தலைகீழாக்குகின்றது. மத்தேயு நற்செய்தியில் நெடுந்தொலைவு நடந்து வந்த ஞானியர் பரிசில் பெறவில்லை. தாமே பொன்னும் தூபவருக்கமும் வெள்ளைப்போளமும் ஈகின்றனர். லூக்கா நற்செய்தியில் இடையர் முன்னணையிற் கிடந்த மகவைக் கண்டு கடவுளைப் புகழ்ந்து மீள்கின்றனர். மீளுதலும் புகழ்தலும் பரிசில் விடைக்குரியவை; அவர் கையிலோ பரிசில் ஒன்றுமில்லை. சத்திரத்தில் இடம்பெறாத ஒருவனையே அவர்கள் தலைவனாகப் புகழ்ந்தனர் என்பது கருதத்தக்கது.

இனித் திருவருகைக் காலத்துக்கு உரிய வாழ்த்தை நோக்குவாம். மகவு பிறக்குமுன் மரியாள் பாடிய பாட்டில், பசித்தோர் நிரம்பினர், செல்வர் வெறுங்கையராய்ப் போயினர் என்னும் பொருள் இறந்தகாலத்தாற் கூறப்படுகின்றது. முன்னோர்க்கு இறைவன் செய்தவற்றையே அவள் கூறினாள் எனக் கொள்ளினும் பொருந்தும். ஆயின் வரவிருக்கும் மகவை எண்ணிப் பாடுவதால் எதிர்காலமும் அதனுள் அடங்கும். இவ்வழக்குக்குத் தொல்காப்பிய வினையியல் வழிகாட்டுகின்றது. இயற்கையும் தெளிவும் பற்றி எதிர்காலம் இறந்தகாலத்தால் சொல்லப்படும் என்பது அதன் கருத்து. எறும்பு முட்டையொடு மேட்டில் ஏறக் கண்டவன், ஒரு துளியும் வீழாமுன்னர் மழை பெய்தது என்பான் என உரைகாரர் காட்டுவர். திருவருகை வாழ்த்து இத்தெளிவின்பாற்பட்டது. அது பரிசில் கடாநிலையின் இரப்பன்று.

தமிழ்ப் புலவர் இதனை உணர்ந்து ஆண்டமைக்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி சான்றாகும். சீயோன் மகளாகிய தேவமோகினி கிறித்துவின்பாற் காதல் கொள்ள, விசுவாசத்தின் உருவகமாகிய குறத்தி குறி சொல்கின்றாள். தலைவன் வருமுன் அவன் வரவை உறுதியாக மொழிவது குறத்தியின் தொழில். மலைவளம் பாடும் குறிஞ்சி மகளிடம் திருவருகைச் செய்தியை ஒப்படைத்தது பொருத்தமுடைத்து.

இவ்வொப்புமை வலிந்து கொண்டது, நற்செய்தியாளர் பாடாண்துறை அறியார் எனச் சிலர் மறுக்கலாம். துறை என்பது பாடியவன் அறிந்திருத்தல் வேண்டும் என்பதன்று. படிப்போன் பொருளை அளக்கும் கோல் அது. கடவுள் வாழ்த்தும் பாடாணுக்கு உரியதெனத் தொல்காப்பியம் கொள்ளுதலின், கோலை நாம் புறத்தேயிருந்து கொணர்ந்தோமும் அல்லேம்.

அக்கோலால் அண்மைக்காலக் கொல்லியையும் அளக்கலாம். 1913ஆம் ஆண்டு மணம்புரிந்த ஜெசி பிராண்டும் எவலினும் இம்மலையில் தங்கி மருத்துவமும் கல்வியும் சமயப்பணியும் ஆற்றினர். தொடக்கத்திற் சில ஆண்டுகள் அவர்தம் சமயத்தை மேற்கொண்டார் எவருமிலர். அவ்வாண்டுகளின் கிறித்துப் பிறப்பு வாழ்த்து விளைவைக் காணாது பாடிய வாழ்த்தேயாகும். 1929இல் ஜெசி கருநீர்க் காய்ச்சலால் இம்மலையில் இறந்தார். ஓய்வுபெறும் அகவைக்குப் பின்னும் எவலின் மலைக்கே மீண்டு, சுற்றியுள்ள மலைகளிலும் பணியாற்றி, 1974 டிசம்பரில் தம் 95ஆம் அகவையில் மறைந்தார். அவர்தம் மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோய் அறுவை மருத்துவத்தாற் புகழ் பெற்றார். அவர் சமயத்தை ஏற்பினும் ஏலாவிடினும், கைம்மாறு நோக்காத வாழ்த்து எத்தகையது என்பதை இவ்வாழ்வால் அறியலாம்.

ஓரியின் நாணமும் இடையரின் வெறுங்கையும் ஓரிடத்துச் சேர்கின்றன: கொடையும் புகழும் ஒன்றற்கொன்று விலையாகாவிடத்தே இரண்டும் தூயவாகின்றன. ஓரியின்பால் அத்தூய்மை கொடுப்போனது பண்பு. திருவருகை வாழ்த்தில் அது பாடுவோனுக்கும் கடமையாகின்றது. தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனங்களைப் பண்ணும் தாளமும் பற்றி மட்டும் ஆராயாது, பாடாண்துறை பற்றியும் வகுத்துக் காணின் இவ்வேறுபாடு இன்னும் விளங்கும்.