இடது மூன்று, இறுகும்

அப்புத்தளையிலிருந்து பெரகல பக்கம் இறங்கும் ரோட்டில் பின்னேரம் பனி மூடிவிட்டால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. அப்படியொரு நாளில் மாமாவின் கொழுந்து லொறியில் நடுவே இடுங்கி உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பத்து வயது. இடப்பக்கம் கிளீனர் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ரோட்டோரத்து வெள்ளைக் கல்லைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். "வரட்டும் அண்ணே... வரட்டும்... வலது முடக்கு, கிட்டத்து முடக்கு... கான் இருக்கு, ஒதுங்காதீங்க." மாமா அவர் பக்கம் திரும்பவில்லை, பதிலும் சொல்லவில்லை. சொல் விழுந்த கணத்தில் கை மட்டும் ஸ்டியரிங்கைத் திருப்பியது. காதால் வண்டி ஓட்டலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக் கணினியில் விளையாட நல்ல ராலி கேம் ஒன்று சொல்லுங்கள் என்று பதுளைப் பக்கத்துத் தம்பிமார் கேட்கும்போது எனக்கு அந்த லொறிதான் நினைவுக்கு வரும். படம் எவ்வளவு அழகு, எத்தனை கார்கள் என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். அந்த கேம் உங்களைக் கேட்க வைக்கிறதா? நான் பார்ப்பது அதை மட்டும்தான்.

வட்டப் பாதைப் பந்தயத்தில் ஒரே வளைவு அறுபது தடவை வரும். பத்தாவது சுற்றில் கை அதைப் பாடமாக்கிவிடும். ராலியில் ரோடு நீண்டுகொண்டே போகும், வளைவு ஒருமுறை வந்துவிட்டுப் போய்விடும். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுப் புறப்படும். முந்துவதற்கு முன்னால் ஆள் இல்லை, கடிகாரம்தான் எதிராளி. பந்தயத்துக்கு முன்பே ஓட்டுநரும் பக்கத்து இருக்கைக்காரரும் அந்த ரோட்டில் மெதுவாகப் போய் ஒவ்வொரு முடக்கையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். பலரும் கையாளும் முறையில் ஒன்று என்றால் மிக இறுக்கமான முடக்கு, ஆறு என்றால் காலை எடுக்காமலே போய்விடக்கூடிய லேசான வளைவு. 'இடது மூன்று, இறுகும், உள்ளே வெட்டாதே, ஐம்பது, மேடு' என்று பக்கத்து இருக்கைக்காரர் வாசிக்க வாசிக்க, கண்ணுக்கு இன்னும் வராத ரோடு ஓட்டுநரின் மனதுக்குள் விரிகிறது. கார் இந்த முடக்கில் இருக்கும்போது குரல் அடுத்த முடக்கில் இருக்கும். அந்த ஒரு முடக்கு இடைவெளியில்தான் ராலியின் முழு ருசியும் இருக்கிறது.

நான் முதலில் விளையாடியது 1998இல் வந்த 'காலின் மெக்ரே ராலி'. 1995இன் உலக சாம்பியனான ஸ்கொட்லாந்துக்காரர் மெக்ரேயின் பெயரில் கோட்மாஸ்டர்ஸ் செய்தது. அவருடைய பக்கத்து இருக்கைக்காரர் நிக்கி கிரிஸ்டே அதில் குரல் கொடுத்திருந்தார். எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். காலையில் வேலைக்கு, பிரட்டுக்குப் போகிறவர்கள் தூங்கும் நேரத்தில் ஸ்பீக்கர் போட முடியாது. ஹெட்போன் மாட்டித்தான் விளையாடினேன், அதுவே பெரிய நன்மையாகப் போயிற்று. கிரிஸ்டின் குரல் வெளிச்சத்தம் எதுவும் கலக்காமல் நேரே காதுக்குள் இறங்கியது. ஆங்கிலம் சரியாகப் புரியாத வயதில் அவர் சொல்லும் ஒரு சில சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அந்த கேமில் என்னைக் கட்டிப்போட்டது இந்தோனேசியா. உலக ராலி 1996, 97 ஆகிய இரண்டு வருடங்களும் சுமாத்ராவின் மேடான் பக்கத்துத் தோட்டங்களுக்குள் ஓடியது. ரப்பரும் எண்ணெய்ப் பனையும் நின்ற சேற்று ரோடுகள். இரண்டு முறையும் வென்றவர் ஸ்பெயினின் கார்லோஸ் சைன்ஸ். சுவீடனின் பனியை எங்கோ தூர தேசத்துக் காட்சியாகப் பார்த்த எனக்கு, மழைக்குக் கரைந்த சிவப்பு மண்ணில் டயர் வழுக்குவது மட்டும் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. மழைக்காலத்தில் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்ட ரோடுகளில் போய்வந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தோட்டத்து ரோட்டுக்கும் ராலிக்கும் உள்ள உறவு இன்றைக்கும் அறுந்துவிடவில்லை. சிக்மகளூரின் காப்பித் தோட்டங்களுக்குள் ஆசிய பசுபிக் ராலி ஓடியிருக்கிறது. அந்த சாம்பியன் பட்டத்தை இந்தியாவின் கௌரவ் கில் 2013, 2016, 2017 என்று மூன்று முறை வென்றார்.

அடுத்து 2000இல் வந்த 'காலின் மெக்ரே ராலி 2.0'. இன்னும் மெருகான கேம்தான், பழைய கணினிக்கு இன்றைக்கும் ஏற்றது. ஆனால் நீளமாகச் சொல்ல எனக்கு ஆசை வேறொன்றைப் பற்றி.

2004இல் வந்த 'ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி'. பர்ன்ஸ் 2001இன் உலக சாம்பியன். கேம் வந்த அடுத்த வருடம், 2005 நவம்பரில், மூளைக் கட்டியால் இறந்துபோனார். அவர் பெயரைத் தாங்கிய அந்த கேம்போல இந்தத் துறையில் வேறொன்று இல்லை என்பது என் முடிவு. வந்த புதிதில் கடினம், கடினம் என்று சொல்லிப் பலர் ஒதுக்கினார்கள். அதில் முதல் வேலையாகப் பாடசாலைக்குப் போக வேண்டும். பிரேக் எப்படி, வளைவு எப்படி, ஹேண்ட் பிரேக் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கற்றுத் தருகிறது. நான் பல வாரங்கள் அந்த வகுப்பிலேயே கிடந்தேன், ரோட்டுக்குப் போகத் தோன்றவில்லை.

ஒரு கொண்டையூசி முடக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஜப்பான் பகுதியில் பிர்கா மெனோகோ என்று ஒரு ரோடு. ஒடுக்கமான மண் பாதை, இரு பக்கமும் மரம். கார் இறக்கத்தில் மூன்றாம் கியரில் வருகிறது. குரல் முடக்கைச் சொல்லிவிட்டது, கண்ணுக்கு இன்னும் எதுவும் தெரியவில்லை. பிரேக்கை மிதித்ததும் காரின் பாரம் முழுவதும் முன்னால் சாய்கிறது, முன் டயர் மண்ணைக் கடிக்கிறது, பின்பக்கம் லேசாகிறது. அந்த லேசான கணத்தில், போக வேண்டிய திசைக்கு நேர் எதிராக ஒரு சின்ன வெட்டு வெட்டி, உடனே உள்ளே திருப்ப வேண்டும். பின்பக்கம் ஊஞ்சலைப்போல ஒரு பக்கம் போய் மறுபக்கம் சுழன்று வரும். இப்போது ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்தால் கார் முடக்கிலிருந்து தன்னாலே நிமிர்கிறது. அரைக் கணம் பிந்திவிட்டால் கானுக்குள். முந்திவிட்டால் உள்பக்கத்து மண்மேட்டில் மூக்கு முட்டி, ரேடியேட்டர் சேதமாகி, ரோடு முடியுமுன் இஞ்சின் கொதித்துவிடும். தவறு என்னுடையதென்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிந்தது. இவ்வளவு நேர்மையாக வைத்த கணக்கை நான் வேறு கேம்களில் அதிகம் கண்டதில்லை.

இருபது வருடம் கடந்தும் அது உயிரோடு இருப்பதற்குக் காரணம் ரசிகர்கள்தான். ஹங்கேரியில் இருக்கும் ரசிகர் குழுவொன்று உலகம் முழுக்க உள்ளவர்கள் சேர்ந்து ஓடும் போட்டிகளை இன்றைக்கும் நடத்துகிறது. புதிய கார்களையும் நூற்றுக்கணக்கான ரோடுகளையும் ரசிகர்களே செய்து சேர்த்திருக்கிறார்கள். கார் மண்ணில் நடந்துகொள்ளும் விதத்தையே திருத்தி எழுதியவர்களும் உண்டு. மூலக் கோயில் அப்படியே நிற்க, சுற்றுப் பிரகாரங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிச் சேர்ப்பதுபோல.

கொஞ்சம் புதிய கணினி உள்ளவர்களுக்கு 2015இன் 'டர்ட் ராலி'. அதில் வேல்ஸ் நாட்டு போவிஸ் ரோட்டைப் பனி மூட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். ஹெட்லைட் வெளிச்சம் பனியில் பட்டு வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும். போல் கோல்மன் என்ற உண்மையான ராலிக்காரரின் குரலைத் தவிர வேறு துணையில்லை. எனக்கு அது அப்புத்தளைதான். 2023இல் வந்த உலக ராலியின் அதிகாரபூர்வ கேமில் காட்சி மிக அழகு, ரோடும் நீளம். ஆனால் அது கேட்கும் கணினி எங்கள் பக்கத்து வீடுகளில் அபூர்வம்.

'ஆர்ட் ஆஃப் ராலி' என்று 2020இல் வந்ததும் எனக்குப் பிரியமானது. அதில் குரலே கிடையாது. காரை உயரத்திலிருந்து பார்க்கிறோம், மரமும் மலையும் குழந்தை வரைந்த படம்போல எளிய வண்ணங்களில் நிற்கின்றன. கேட்க வைப்பதே அளவுகோல் என்று சொல்லிவிட்டு இதை எப்படிப் புகழ்கிறேன்? கார் வழுக்குவதன் அழகை, அந்த வளைந்த கோட்டை, இவ்வளவு தெளிவாக வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. முதன்முதலாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் கொடுப்பேன்.

கருவியைப் பற்றியும் ஒரு பேச்சு. கீபோர்டில் ஒரு திருப்பம் என்றால் முழுத் திருப்பம்தான், கால்வாசி, அரைவாசி என்பது கிடையாது. கேம்பேட் என்கிற சின்னக் கைப்பிடி ஒன்று போதும், விரலின் அளவுக்கு டயர் திரும்பும். ஸ்டியரிங் வாங்க வசதியிருந்தால் நல்லது. இல்லையென்றால் கைப்பிடியும் ஒரு நல்ல ஹெட்போனும். எதை விட்டாலும் ஹெட்போனை விடாதீர்கள். டயருக்கடியில் சரளை தீர்ந்து கல்ரோடு தொடங்குவதைக் கண்ணுக்கு முன்னால் காதுதான் சொல்லும்.

எங்கள் மாகாணத்துக்கும் சொந்த மண் பந்தயம் உண்டு, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில். இராணுவ அகடமி நடத்திய அந்தப் போட்டியைச் சிறுவனாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். மூக்கெல்லாம் சிவப்புத் தூசியோடு திரும்பி வருவோம். ஐந்து வருட இடைவெளிக்குப் பின் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி மறுபடி நடந்தபோது கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் செத்துப்போனார்கள், அதில் எட்டு வயதுப் பெண்பிள்ளையும் ஒருத்தி. அதற்குப் பிறகு பல நாள் நான் கணினியில் ராலி கேம் எதையும் திறக்கவில்லை. திரும்பத் திறந்தபோது, ரோட்டோரத்தில் வரிசையாக நிற்கும் கணினி மனிதர்களைக் கண்டதும் கால் தன்னால் பிரேக்குக்குப் போயிற்று. இப்போதும் போகிறது.

மாமா வண்டியை விட்டு நெடுநாளாயிற்று, கண் பார்வையும் மங்கிவிட்டது. போன மாதம் வீட்டுக்கு வந்தவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு நான் ஓட்டினேன். திரையைப் பார்க்காமல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆங்கில இலக்கங்கள் இரண்டு, மூன்று ரோட்டுக்குள் அவருக்குப் பிடிபட்டுவிட்டன. கொஞ்ச நேரத்தில் மடியில் இருந்த கை இடமும் வலமும் அசையத் தொடங்கியது. கழற்றும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "சொல்றவன் நல்லாச் சொல்றான்டா. ஆனா நம்ம ரோட்டுக்கு ஆறு நம்பர் பத்தாது."

அதிலிருந்து பதுளைக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இடப்பக்கத்து ஜன்னல் ஆசனத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருகிறேன். தெமோதரையிலிருந்து ஹாலிஎல வரை எழுதியாகிவிட்டது. மாமா சொன்னது சரிதான். 'கிட்டத்து முடக்கு' என்று ஏழாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்.