பனிச்சங்கேணியில் ஒரு சிவப்புப் புள்ளி

கைத்துப்பாக்கியின் மேல் ‘ரெட் டொட்’ பூட்டலாமா என்ற கேள்வி, மட்டக்களப்பு மாவட்டத்தின் பனிச்சங்கேணியில் பெரும்பாலும் பொலிஸாரைப் பற்றிய கேள்விதான். ஏனெனில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் சுடுகலன் வைத்திருக்க இலங்கையின் 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பொதுமக்களை விடாது. யுத்தத்தைக் கண்ட ஊர் இது. பாலத்தடியில் வலை வீசுகிறார்கள், ஏ15 வீதியில் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். குறி தப்பிய குண்டு யாரில் படும் என்பதுதான் எனது அளவுகோல்.

அந்த அளவுகோலில் இக்கருவிக்குப் பெரிய வலு உண்டு. வழமையான குறிபார்வையில் பின்வெட்டு, முன்முனை, இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் பிடிக்க வேண்டும். கண்ணோ ஒன்றைத்தான் தெளிவாகக் காணும். நாற்பது கடந்தவருக்கு முன்முனையே மங்கும். பின்வெட்டுக்கும் முன்முனைக்கும் இடைவெளி 16 சென்ரிமீற்றர் என்றால், 1 மில்லிமீற்றர் விலகல் 25 மீற்றரில் 15 சென்ரிமீற்றரைத் தாண்டிவிடும். ரெட் டொட்டில் சிறு விளக்கின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டுத் தெறித்து, தூரத்தில் நிற்கும் புள்ளியாகத் தெரிகிறது. கண் இலக்கிலேயே நிற்கலாம். எதிரே நிற்பவரின் கையில் இருப்பது கத்தியா, தொலைபேசியா என்று சுடுமுன் பார்க்க முடிவதைவிடப் பெரிய நன்மை எது?

ஒலிம்பிக்கை எதிர்வாதமாகக் காட்டுவோர் உண்டு. அங்கே பிஸ்டல் போட்டிகளில் ஒளிப்புள்ளிக்குத் தடை. 2024இல் பாரிஸில் இந்திய வீராங்கனை மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதும் திறந்த குறிபார்வையால்தான். ஆனால் அது அசையாத இலக்கு, பழகிய மேடை. காவல் பணிக்கு அது சாட்சியாகாது.

எனக்குப் பாரமாகப் படுவது வேறு. விசையை வெடுக்கென்று இழுக்கும் விரலை எந்தப் புள்ளியும் திருத்தாது. துப்பாக்கியை உயர்த்தும்போது மணிக்கட்டு சற்றே சாய்ந்தால், கண்ணாடியில் புள்ளியே இருக்காது. அதைத் தேடும் அந்தக் கணம் ஆபத்தானது. மீளமீள உயர்த்திப் பழகித்தான் அது தீரும். அத்துடன் மாரி மழை, களப்பின் உப்புக்காற்று. விளக்கு மூடப்படாத திறந்த வகை ரெட் டொட்டில் அதன் மேல் ஒரு துளி நீர் விழுந்தாலே புள்ளி சிதறும், மறையும். பற்றரி தீர்ந்தாலும் அதே கதிதான்.

ஆகவே என் தீர்ப்பு: இப்போதைக்குப் பூட்ட வேண்டாம். அந்தக் காசு முதலில் பயிற்சிக்கான தோட்டாக்களுக்கும் ஒழுங்கான சுடுதளத்துக்கும் போகட்டும். 2017இல் அமெரிக்க இராணுவம் தெரிவுசெய்த எம்17 கைத்துப்பாக்கியில் ஒளிக்குறி பூட்ட இடம் வைத்தே வந்தது என்பது எனக்குப் போதுமான நியாயமல்ல. கருவியோடு பயிற்சியும் வர வேண்டும். அந்தப் பயிற்சி தொடர்ச்சியாகக் கிடைக்கும் அணிக்கு நான் மறுக்கமாட்டேன். அப்போதும் மூடிய வகைதான் வாங்க வேண்டும். புள்ளி அணைந்தாலும் அதே கண்ணாடியூடே தெரியும் உயரத்தில் இரும்புக் குறியும் இருக்க வேண்டும்.