தள்ளுபடி தேடி வரும் கார்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் சிவகாசி–சாத்தூர் சாலையில் கேரள, கர்நாடகப் பதிவெண் கார்கள் தென்படத் தொடங்கும். தீபாவளி நெருங்க நெருங்க அது ஊர்வலமாகிவிடும். பட்டாசை ரயிலிலும் பேருந்திலும் கொண்டுபோகக் கூடாது; இணையவழி விற்பனையையும் 2018-இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. மலிவாக வேண்டுமானால் சொந்த வண்டியெடுத்து இங்கேயே வரவேண்டும். சரக்கு வாங்கும் பயணமே சுற்றுலாவானது இப்படித்தான்.

இதன் பலனைக் குறைத்துப் பேசக்கூடாது. மழை பொய்க்கும் இந்தக் கரிசலுக்கு 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சோறு போட்டது; அதன் வழியில் வந்தது பட்டாசு. இன்று வெளியூர்க்காரர் பணம் நேரே கடைக்கு வருகிறது. திரும்பும் வழியில் விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கும் சாத்தூர் சேவுக்கும் அதில் பங்குண்டு.

ஆனால் அவர்களை இழுப்பது '80 சதவீதத் தள்ளுபடி' என்ற பலகை. முதலில் விலையை ஏற்றி அச்சடித்து, பிறகு குறைக்கும் வித்தை அது. வாங்குபவருக்கு லாபக் கணக்கு மட்டும் மனத்தில் நிற்கிறது. திரி செருகிச் சரம் பின்னிய பெண்ணின் கூலி அந்தக் கணக்கில் ஏறுவதேயில்லை.

கூட்டம் உயிரையும் கேட்டிருக்கிறது. 2016 அக்டோபரில் சிவகாசியில் வண்டியில் பட்டாசு ஏற்றும்போது பிடித்த தீயின் புகை பக்கத்து ஸ்கேன் மையத்துக்குள் புகுந்து, அங்கிருந்தவர்களைக் கொன்றது. 2023 அக்டோபரில் சிவகாசி அருகே ரெங்கபாளையத்தில் ஆலையை ஒட்டிய பட்டாசுக் கடையில் பிடித்த தீயில் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள், பெரும்பாலோர் பெண்கள். சோதித்துப் பார்க்க வெடித்த பட்டாசின் பொறி கடைச் சரக்கில் விழுந்ததாக அப்போது செய்தி வந்தது. ஆலையை ஒட்டியே கடை வைப்பதும், வாங்குபவருக்கு அங்கேயே வெடித்துக் காட்டுவதும் ஒருநாளும் கூடாது.

ஆலைகளையே சுற்றுலாவுக்குத் திறக்கலாம் என்று தோன்றலாம். நான் ஏற்கமாட்டேன். ஓர் உரசல் போதும் என்பதால்தான் ஓர் அறைக்கு நான்கு பேர் என்று விதி வைத்திருக்கிறார்கள். அங்கே வேடிக்கை பார்ப்பவருக்கு இடமில்லை. காட்டத்தக்கது சிவகாசியின் அச்சுத்தொழில். தீப்பெட்டி லேபிளும் நாட்காட்டியும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுசேர்த்த வண்ணங்களுக்கு ஊருக்குள்ளேயே ஒரு காட்சிக்கூடம் தேவை. காட்ட இன்னொன்றும் உண்டு: வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை அகழாய்வு 2022-இல் தொடங்கியது. சுடுமண் உருவங்களும் கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் கிடைத்திருக்கின்றன. அந்த இடம் சிவகாசியிலிருந்து காரில் அரை மணி நேரம்தான். பட்டாசுக் கடைகள் தரும் விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் அதற்கு வழி அச்சிட்டுக் கொடுக்கலாம்.