ஆர்எக்ஸ் 100 பிழைத்திருக்கும் விதம்

மதுரை திருநகர் பக்கம் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தால், அதன் உடல்நிலை சத்தத்திலேயே தெரிந்துவிடும். 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். எடையோ நூறு கிலோவைச் சற்றே தாண்டும். அதனால்தான் அந்தப் பாய்ச்சல். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. 1996-இல் பதிவானதற்கே 15 வருடப் பதிவு 2011-இல் முடிந்துவிட்டது. கம்பெனி உத்தரவாதம் அதற்கு வெகுமுன்பே போயிற்று. இன்று அதைக் காப்பாற்றுபவர்கள் தெருமுனை மெக்கானிக்குகள்.

நல்ல மெக்கானிக் முதலில் சைலன்ஸரைக் கழற்றுவார். பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் புகை போகும் வழியெல்லாம் கரி படியும். வழி குறுகினால் இழுவை செத்துவிடும். கரியைச் சுரண்டினாலே பல வண்டிகள் தெளிந்துவிடும். எடுத்த எடுப்பில் இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

சிலிண்டர் நிஜமாகவே தேய்ந்திருந்தால் லேத்தில் போர் செய்து, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவார்கள். கைத்திறன் தெரிவது இங்கேதான். இடைவெளி மயிரிழை குறைந்தாலும் மதுரைச் சித்திரை வெயிலில் பிஸ்டன் விரிந்து இறுகிவிடும், கூடினால் தட்டும். அதைச் சரியாக அமைத்துத் தருகிற லேத்காரரை நான் பெரிய கலைஞராகவே மதிக்கிறேன். அவர் உழைப்பு நிலைக்க, முதல் சில நூறு கிலோமீட்டர் வண்டியை முறுக்காமல் ஓட்ட வேண்டும்.

இந்த வண்டி வைத்திருப்பவர்கள், பெட்ரோல் போடும்போதெல்லாம் டூ-டி ஆயில் டேங்கையும் திறந்து பாருங்கள். அது வற்றினால் இன்ஜின் ஜாம் ஆகிவிடும்.