சென்னையின் யார்?

ஒரு கால்பந்துக் கிளப்பின் சொந்த மைதானச் சட்டையைப் பற்றி எழுதுபவர்கள் நிறம், காலர், கோடு, நெஞ்சில் உள்ள விளம்பரம் என்று வரிசையாகப் போவார்கள். சென்னையின் எஃப்.சி. சட்டையை அப்படிப் பேசினால் பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது நீலம், இரண்டு முறை கோப்பை வென்றபோதும் நீலம், இன்றும் நீலம். மாறியது நெஞ்சில் இருக்கும் பெயர். தொடக்க ஆண்டுகளில் ஓசோன் என்ற வீடு கட்டி விற்கும் நிறுவனம், பிறகு அப்பல்லோ டயர்ஸ். (வடசென்னைக்காரர்களுக்கு டயர் என்றால் எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியது அது. கிரிக்கெட் மட்டையில் ஏறி உலகம் சுற்றியது. கால்பந்துச் சட்டைக்கு வந்ததோ ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் டயர்.)

வண்ணாரப்பேட்டையிலிருந்து பார்க்கும் ஒரு பெண்ணுக்கு இந்தச் சட்டையில் வாசிக்க வேறு விஷயங்கள் இருக்கின்றன. முதலில் அந்தப் பெயர். 'சென்னையின்' என்பது பாதியில் நிற்கும் சொல். சென்னையின் கடல், சென்னையின் மழை என்று அடுத்து ஏதோ ஒன்று வர வேண்டும். வராமலே விட்டது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலி இடத்தில் நம்மில் எத்தனை பேர் நம்மைப் போட்டுப் பார்த்திருக்கிறோம்?

அடுத்து முத்திரை. வீட்டு வாசலிலும் கட்டுமான இடங்களிலும் தொங்கும் திருஷ்டி முகத்திலிருந்து எடுத்தது. எல்லா அணிகளும் சிங்கம், புலி, யானை என்று தேடும்போது கண்ணேறு கழிக்கும் பொம்மையை நெஞ்சில் வைத்தது நல்ல கற்பனை. ஆனால் நம் தெருக்களில் தொங்கும் அந்த முகத்துக்கு மீசை உண்டு. உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போடும் ஆயாவின் முகம் எந்த முத்திரையிலும் ஏறவில்லை. வேலை அவளுடையது, சின்னம் மீசைக்காரனுடையது. வியாசர்பாடியிலோ தண்டையார்ப்பேட்டையிலோ அரைக்கால் டிராயரோடு மைதானத்துக்கு நடந்துபோகும் பெண்ணின் மேல் விழும் கண்களுக்கு எந்தப் பொம்மையைக் கட்டுவது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

விளையாட்டை நடத்துபவர்களே அந்தக் கண்களோடு பேசியதும் உண்டு. 2004இல் உலகக் கால்பந்துச் சம்மேளனத் தலைவராக இருந்த செப் பிளாட்டர், பெண்கள் இன்னும் இறுக்கமான டிராயர் போட்டால் ஆட்டத்துக்குக் கூட்டம் வரும் என்ற பொருளில் யோசனை சொன்னார். கடைகளில் 'லேடீஸ்' என்று தொங்கும் ஜெர்சிகளைப் பாருங்கள்: இடுப்பில் வளைத்து, கையைக் குறைத்து, அதே யோசனையை ஊசிநூலால் நிறைவேற்றியிருப்பார்கள். அதைவிட, முழங்கை தாண்டித் தொங்கும் அண்ணனின் பழைய ஜெர்சியே மேல் என்று பெண்கள் முடிவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. ஓட முடிகிறது.

இனி நிறம். வண்ணாரப்பேட்டை பெயர் பெற்றதே, கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் ஏற்றிய துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால்தான். நீலம் இங்கே அணியின் நிறமாவதற்கு முன் சலவைப் பொருள். வெள்ளை மங்காமல் இருக்க கடைசி அலசலில் கலக்குவது. ஆகவே இந்தப் பேட்டையில் நின்று யோசிப்பவர்களுக்கு வெள்ளை என்பது வெறும் நிறம் அல்ல, யாரோ ஒருவரின் முதுகுவலி. வெள்ளை டிராயர் போட்டு ஆடச் சொல்பவர் யார், அதைத் துவைப்பவர் யார் என்ற கேள்வி தானாக வரும். கூடவே இன்னொன்றும் வரும்: மாதத்தில் அந்த நாட்களில் அதைப் போட்டுக்கொண்டு தொண்ணூறு நிமிடம் ஓடுபவளின் கவனம் எங்கே இருக்கும்? பந்தின் மேலும், பின்புறத்தின் மேலும். 2022 ஐரோப்பியக் கோப்பையின்போது இங்கிலாந்துப் பெண்கள் இதை வாய்விட்டுச் சொன்னார்கள். 2023 உலகக் கோப்பைக்கு அவர்களின் டிராயர் நீலமானது. ஒரு நூற்றாண்டு ஜெர்சி வரலாற்றில் உடலைக் கேட்டு எடுக்கப்பட்ட முடிவுகளில் இது ஒன்று என்பேன். காலர் மாறியதைவிடப் பெரியது.

நம் ஊரில் அந்தக் கறைக்குத் தீட்டு என்று பெயர். அந்தத் துணியைத் துவைக்கும் வேலையை ஒரு சாதியின் மேல், குறிப்பாக அதன் பெண்கள் மேல், சுமத்தி வைத்திருந்தார்கள். புதிரை வண்ணார் பெண் ஒருத்தியின் வாழ்க்கையை இமையம் 'கோவேறு கழுதைகள்' நாவலில் எழுதி 30 ஆண்டு தாண்டிவிட்டது. சட்டை வடிவமைப்பைப் பற்றிய பேச்சு இந்தத் துறைக்கல் வரைக்கும் வராவிட்டால் அது பாதிப் பேச்சு. பாலியெஸ்டர் வந்து துவைப்பது சுலபமாகிவிட்டது என்பார்கள். ஆகிவிட்டதுதான். யார் துவைக்கிறார்கள் என்பது மட்டும் மாறவில்லை.

விற்பனைக்கு வருவோம். 2023 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் கோல்கீப்பர் மேரி இயர்ப்ஸ் அணிந்த சட்டையை நைக்கி கடைக்கே கொண்டுவரவில்லை. ரசிகர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் கொஞ்சம் விட்டது, அதுவும் உடனே விற்றுத் தீர்ந்தது. வாங்க ஆள் இல்லை என்ற வாதம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

நம் பக்கம் 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை வென்று தேசியக் கோப்பையை எடுத்தது. 2019இல் சேது எஃப்.சி. பெண்கள் லீக்கை வென்றது. இந்தப் பக்கத்தில் துணி என்றால் எம்.சி. ரோடு. சேது ஜெர்சி இருக்கிறதா என்று அங்கே ஒரு கடையில் கேட்டேன். "சேதுவா? அது விக்ரம் படமாச்சேக்கா" என்றார். யாருக்கு என்று கேட்டார், அக்கா மகளுக்கு என்றேன். "பாப்பாவுக்குன்னா எஸ் சைஸ்ல மெஸ்ஸி இருக்கு, குடுக்கவா?"